எல்லா மூளைச் செல்லுக்கும் ஒரே டிஎன்ஏ, அப்புறம் எப்படி இத்தனை வகை?

பட்டர்வொர்த்தில் படிவம் ஆறு உயிரியல் படிக்கும் ஒரு தம்பி அனுப்பிய கேள்வி இது: "உடம்பில் எல்லாச் செல்லிலும் ஒரே டிஎன்ஏதான் இருக்கிறது என்று படிக்கிறோம். அப்படியென்றால் மூளையில் இத்தனை வகைச் செல்கள் எப்படி உருவாகின்றன? ஒரு செல் என்னவாக ஆகப்போகிறது என்பது அது பிறக்கும்போதே முடிவாகிவிடுகிறதா? கோர்ட் ஃபிஷெல் என்பவர் இதைத்தான் ஆராய்கிறார் என்று ஆசிரியர் சொன்னார். அவர் என்ன கண்டுபிடித்தார்?"

நான் கோலாலம்பூரில் மருத்துவ மாணவர்களுக்கு நரம்பு மண்டலப் பாடம் எடுக்கிறேன். முதலாண்டில் இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் இல்லை. மூன்றாமாண்டில் கேட்கிற ஆளும் இல்லை. அதற்குள் பெயர்களை மனப்பாடம் பண்ணுகிற அவசரம் வந்துவிடுகிறது. அதனால் தம்பிக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நேரடி விடை இது. செல் எந்தப் பெரும்பிரிவைச் சேர்ந்தது என்பது பிறந்த இடத்தில் முடிவாகிறது. அந்தப் பிரிவுக்குள் எந்த வகை என்பது எப்போது பிறந்தது, எங்கே போய்ச் சேர்ந்தது, அங்கே யாரோடு தொடர்பு கிடைத்தது என்பதையெல்லாம் பொறுத்துப் படிப்படியாக முடிவாகிறது. கடைசிப் படிகள் குழந்தை வெளியே வந்த பிறகும் நடக்கின்றன.

டிஎன்ஏ விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். மனிதனில் புரதம் தயாரிக்கும் மரபணுக்கள் ஏறக்குறைய 20,000. எந்தச் செல்லும் அத்தனையையும் ஒரே நேரத்தில் பயன்படுத்துவதில்லை. ஈரல் செல் ஒரு பகுதியைப் படிக்கிறது, நரம்புச் செல் வேறொரு பகுதியைப் படிக்கிறது. எதைப் படிப்பது, எதை மூடி வைப்பது என்று டிஎன்ஏவின் மேல் போய் உட்கார்ந்து தீர்மானிக்கிற புரதங்களை டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர் என்கிறோம். மனிதனில் இவை ஏறக்குறைய 1,600 இருக்கின்றன. ஒரு செல்லில் இவற்றில் எவையெல்லாம் கூட்டுச் சேர்ந்திருக்கின்றன என்பதுதான் அந்தச் செல்லின் அடையாளம். ஆக, உண்மையான கேள்வி இதுதான்: ஒன்றாகத் தொடங்கிய செல்களில் இந்தக் கூட்டு எப்படி வேறுபட்டுப் போகிறது?

எல்லாம் பிறப்பிலேயே முடிவாகிற உயிரினமும் இருக்கிறது. சி. எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர் புழுவுக்கு மொத்தம் 302 நரம்புச் செல்கள். எந்தச் செல் எத்தனையாவது பிரிவில் எதிலிருந்து வந்தது என்ற முழு வம்சாவளியையும் ஜான் சல்ஸ்டன் குழுவினர் 1983-க்குள் வரைந்து முடித்துவிட்டார்கள். ஒரு புழுவுக்கும் இன்னொரு புழுவுக்கும் அதில் கிட்டத்தட்ட வித்தியாசமே கிடையாது. (இந்தப் புழுவை ஆராய்ச்சிக்குக் கொண்டுவந்த சிட்னி பிரென்னர் கடைசிக் காலத்தில் நம் பக்கத்துச் சிங்கப்பூரில்தான் இருந்தார்.) மனித மூளையில் நரம்புச் செல்கள் ஏறக்குறைய 8,600 கோடி. இத்தனைக்கும் தனித்தனி வம்சாவளி எழுதி வைக்க டிஎன்ஏவில் இடம் கிடையாது. வேறு வழி வேண்டும்.

முதல் வழி, இடம். கரு உண்டாகி ஏறக்குறைய 28 நாளில், மூளையும் தண்டுவடமும் உருவாகப்போகும் நரம்புக் குழாய் மூடிக்கொள்கிறது. பல பெண்களுக்கு அப்போதுதான் நாள் தள்ளிப்போயிருப்பதே தெரியவரும். கர்ப்பத்துக்கு முன்பிருந்தே ஃபோலிக் அமில மாத்திரை சாப்பிடச் சொல்வதற்குக் காரணம் இதுதான். தெரிந்தபின் தொடங்கினால் குழாய் மூடும் கட்டம் முடிந்திருக்கும். இந்தக் குழாயின் அடிப்பக்கத்திலிருந்து ஒரு புரதம் கசிந்து மேலே பரவுகிறது. அதன் பெயர் சோனிக் ஹெட்ஜ்ஹாக். ஆமாம், செகா வீடியோ கேமில் வரும் அதே சோனிக்தான். 1993-ல் பெயர் வைத்தவர்களின் குறும்பு. அடியில் இருக்கும் செல்லுக்கு இந்தப் புரதம் நிறையக் கிடைக்கும், மேலே போகப்போகக் குறையும். கிடைக்கிற அளவைப் பொறுத்து ஒவ்வொரு செல்லிலும் வேறு ஃபேக்டர்கள் வேலைக்கு வருகின்றன. தண்டுவடத்தில் இதைத் துல்லியமாகக் காட்டியவர்களில் முக்கியமானவர் தாமஸ் ஜெசல். அளவில் சிறு வித்தியாசம் போதும், ஒன்று தசையை இயக்கும் செல்லாகிறது, அதற்குச் சற்று மேலே இருப்பது வேறொன்றாகிறது.

முன்மூளையிலும் இதே கதைதான். மேற்பக்கச் செல்களில் பேக்ஸ்6 என்ற ஃபேக்டர் இருக்கிறது. அங்கிருந்து தூண்டும் நரம்புச் செல்கள் வருகின்றன. அடிப்பக்கத்தில் சோனிக்கின் உத்தரவால் என்கேஎக்ஸ்2-1 வேலைக்கு வருகிறது; அங்கிருந்து அடக்கும் செல்கள் வருகின்றன. இந்த அடக்கும் செல்கள்தான் இன்டர்நியூரான்கள், ஃபிஷெலின் வாழ்நாள் வேலை. அதற்கு வருகிறேன்.

இரண்டாவது வழி, நேரம். மூளையின் வெளி அடுக்கான புறணியின் தாய்ச் செல்களுக்கு ரேடியல் கிளியா என்று பெயர். மூளையின் உட்குழியிலிருந்து வெளிப்பரப்பு வரைக்கும் நார் மாதிரி நீண்டு நிற்கும் ஒல்லியான செல்கள். புதிதாகப் பிறந்த நரம்புச் செல்கள் இந்த நாரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுகின்றன என்பதை 1972-ல் பாஸ்கோ ராகிச் குரங்குக் கருவில் எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் காட்டினார். ரொம்ப காலம் இவை வெறும் ஏறுவழி என்றே நினைத்திருந்தார்கள். 2001 வாக்கில்தான் ஏறுகிற செல்களைப் பெற்றவையும் இவையே என்று உறுதியானது. இந்தத் தாய்ச் செல்லைக் கிட்டே போய்ப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். அதன் உட்கரு ஓரிடத்தில் நிற்காது. டிஎன்ஏவைப் படியெடுக்கும்போது குழியைவிட்டு விலகி மேலே போகும். படியெடுத்து முடிந்ததும் குழியின் ஓரத்துக்கு இறங்கி வரும். அங்கேதான் செல் இரண்டாகும். அப்புறம் மறுபடியும் மேலே. பக்கத்துப் பக்கத்துச் செல்களின் உட்கருக்கள் ஆளுக்கொரு உயரத்தில் இருப்பதால், பழைய நுண்ணோக்கிக்காரர்களுக்கு ஒரே அடுக்கு பல அடுக்குகளாகத் தெரிந்தது.

இந்தத் தாய்ச் செல் எப்போதும் ஒரே வகையைப் பெறுவதில்லை. 1961-ல் ஆஞ்செவினும் சிட்மனும் கர்ப்பமான சுண்டெலிகளுக்குக் கதிரியக்கக் குறி போட்ட தைமிடின் (புது டிஎன்ஏ உருவாகும்போது அதில் சேரும் பொருள்) கொடுத்து, எந்த நாளில் பிறந்த செல் எங்கே போய் நிற்கிறது என்று பார்த்தார்கள். முதலில் பிறந்தவை ஆழமான அடுக்கில் நின்றன. பின்னால் பிறந்தவை அவற்றைத் தாண்டி ஏறி மேலடுக்கில் நின்றன. 1991-ல் சூசன் மக்கானல் ஃபெரட் என்ற கீரி போன்ற விலங்கின் குட்டிகளில் அடுத்த படிக்குப் போனார். ஆழடுக்குச் செல்லைப் பெறும் கட்டத்தில் இருந்த இளம் தாய்ச் செல்லை எடுத்து, மேலடுக்கு உருவாகிக்கொண்டிருக்கும் மூத்த மூளையில் வைத்தார். டிஎன்ஏ படியெடுக்கும் கட்டத்தில் மாற்றினால் அது புதிய வீட்டின் வழக்கத்துக்கு மாறி மேலடுக்குச் செல்லைப் பெற்றது. சில மணி நேரம் தாமதித்து மாற்றினால் பிடிவாதமாக ஆழடுக்குக்கே போனது. முடிவு எடுக்கப்படும் அந்தச் சில மணி நேரம் எது என்று சுட்டிக்காட்டிய சோதனை இது. வகுப்பில் ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

இங்கே ஒரு இடைச்செருகல், நம் ஊர் சம்பந்தப்பட்டது. 2015, 2016-ல் பிரேசிலில் ஸிக்கா வைரஸால் குழந்தைகள் சிறிய தலையோடு பிறந்தது நினைவிருக்கும். அந்த வைரஸ் குறிபார்த்துத் தாக்கியது இந்த ரேடியல் கிளியாவைத்தான். தாய் செத்தால் அவள் பெற வேண்டிய அத்தனையும் போச்சு. இதே ஸிக்கா ஆசியாவில் முதன்முதலில் பிடிபட்டது கோலாலம்பூரிலிருந்து காரில் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய பெந்தோங்கில், 1966-ல், ஏடிஸ் கொசுவில். அன்றைக்கு அதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

சரி, இன்டர்நியூரான்களுக்கு வருவோம். புறணியில் ஐந்தில் ஒரு பங்கு அல்லது அதற்குக் கொஞ்சம் மேல் இவைதான். எண்ணிக்கையில் சிறுபான்மை, வேலையில் அப்படி இல்லை. தூண்டும் செல்கள் கத்திக்கொண்டே போனால் வலிப்பு வரும். எப்போது, யார், எவ்வளவு நேரம் என்று கட்டுப்படுத்துவது இவைதான். வடிவத்தில் அத்தனை விதம். கூடைச் செல் பக்கத்துச் செல்லின் உடலைச் சுற்றிப் பின்னிக்கொள்ளும். மார்ட்டினோட்டி செல் மேலடுக்கு வரை கிளைவிட்டு அங்கே உள்ள நுனிகளைத் தொடும். சரவிளக்குச் செல் ஒன்று இருக்கிறது. அது தூண்டும் செல்லின் ஆக்ஸான், அதாவது செய்தியை வெளியே அனுப்பும் நார், தொடங்குகிற அந்தச் சின்னத் துண்டை மட்டும் தேடிப் பிடித்துத் தொடும், வேறெதையும் சீண்டாது. இந்த மூன்றும் சுண்டெலியில் ஒரே மேட்டில் பிறந்தவை.

அந்த மேடுதான் மீடியல் கேங்கிளியானிக் எமினென்ஸ், சுருக்கமாக எம்ஜிஇ. கருவின் முன்மூளை அடியில் தற்காலிகமாகப் புடைத்து நிற்கும் பகுதி. வளர்ந்த மூளையில் தேடினால் கிடைக்காது. புறணியின் அடக்கும் செல்களும் புறணியிலேயே பிறக்கின்றன என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். 1997-ல் ஸ்டீவர்ட் ஆண்டர்சன், ஜான் ரூபன்ஸ்டைன் குழு சுண்டெலிக் கருமூளையைச் சீவி, அடிப்பகுதிக்கும் புறணிக்கும் நடுவே வெட்டிப் பார்த்தது. வெட்டியதும் புறணியில் இன்டர்நியூரான் குறைந்துபோனது. கீழிருந்துதான் வந்துகொண்டிருந்தன. நார் பிடித்து நேராக ஏறுவதில்லை, பக்கவாட்டில் நெடுந்தூரம் நகர்ந்து வருகின்றன.

நகர்வதை நேரலைப் படமாகப் பார்த்தால் மாணவர்கள் வாயடைத்துப் போவார்கள். செல்லின் முன்னால் ஒரு கால் நீள்கிறது. அது இரண்டாகக் கிளைக்கிறது. இரண்டு நுனியும் கொஞ்ச நேரம் துழாவுகின்றன. ஒன்று பின்வாங்கிக் காணாமல் போகிறது. அதுவரை பின்னால் சும்மா இருந்த உட்கரு ஒரே தாவலில் மிச்சமுள்ள கிளைக்குள் பாய்கிறது. அப்புறம் நிற்கிறது. மறுபடி கிளை, மறுபடி துழாவல், மறுபடி தாவல்.

இப்போது ஃபிஷெல். ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியிலும் பிராட் நிறுவனத்திலும் வேலை செய்பவர். அதற்கு முன் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இருந்தார். அவர் கேட்டதும் தம்பி கேட்டதும் ஒரே கேள்விதான்: மேட்டிலிருந்து கிளம்பும்போதே இந்தச் செல்லுக்குத் தான் கூடையா, சரவிளக்கா என்று தெரியுமா?

2018-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வில் அவரும் ராகுல் சதீஜாவும் மற்றவர்களும் கருவின் எம்ஜிஇ-யிலிருந்தும் அதைப் போன்ற மற்ற மேடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கான செல்களைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எந்தெந்த மரபணுவைப் படிக்கிறது என்று பட்டியல் எடுத்தார்கள். எதிர்பாராதது ஒன்று தெரிந்தது. பிரிந்து பெருகிக்கொண்டிருக்கும் தாய்ச் செல்களுக்குள், எந்த மேட்டைச் சேர்ந்தவையானாலும், பெரும்பாலும் ஒரே வரிசைப்படி மாற்றங்கள் நடக்கின்றன. மேட்டுக்கு மேடு வித்தியாசம் சில மரபணுக்களில்தான். பெருகுவதை நிறுத்திய பிறகுதான் பாதை கிளைக்கத் தொடங்குகிறது. அந்தக் கிளைகளை வளர்ந்த எலியின் வகைகளோடு கணக்கீட்டில் பொருத்திப் பார்த்தபோது, எந்தக் கிளை எந்தப் பெரும்பிரிவுக்குப் போகிறது என்று இனங்காண முடிந்தது. அப்படித் துருவும்போது கிடைத்ததுதான் எம்இஎஃப்2சி என்ற மரபணு. அது இல்லாவிட்டால் பார்வால்புமின் வகை, அதாவது கூடைச் செல்கள் சேர்ந்த பிரிவு, சரியாக உருவாவதில்லை. மனிதரில் மனவளர்ச்சிக் கோளாறுகளோடு ஏற்கெனவே தொடர்புபடுத்தப்பட்ட மரபணு அது.

தோட்டத்துப் பரம்பரையில் வந்தவர்களுக்கு இதைச் சொல்ல எனக்கு ஓர் உதாரணம் கைவசம் உண்டு. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியவர்களைக் கப்பலிலேயே பார்த்திருந்தால் பால்மரம் வெட்டப்போகிறவர் யார், ரயில்வேயில் சேரப்போகிறவர் யார், பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கப்போகிறவர் யார் என்று பிரித்திருக்க முடியாது. ஊர், பேச்சு, சொந்தம் எல்லாம் கூடவே வந்தன. வேலை இறங்கிய இடத்தில் அமைந்தது. இன்டர்நியூரானும் எம்ஜிஇ என்ற ஊர்ப்பெயரைக் கடைசிவரை விடாது. அங்கே பிறந்து புறணிக்கு வருவது பெரும்பாலும் பார்வால்புமின் பிரிவுக்கோ, மார்ட்டினோட்டி செல்கள் சேர்ந்த சோமடோஸ்டேடின் பிரிவுக்கோதான் போகும். அந்தப் பிரிவுக்குள் எது என்பது போன இடத்தைப் பொறுத்தது.

போன இடம் முக்கியம் என்பதற்கும் ஃபிஷெலின் கூடத்திலேயே சான்று இருக்கிறது. 2011-ல் நத்தாலியா டி மார்கோ கார்சியாவோடு அவர் செய்த சோதனையில், வேறொரு மேட்டில் பிறந்த இன்டர்நியூரான்களின் மின்செயல்பாட்டை அடக்கி வைத்தார்கள். ரீலின், கால்ரெடினின் வகைகள் (செல்லில் இருக்கும் புரதத்தின் பெயரே வகையின் பெயர்) சரியான இடத்துக்குப் போகவில்லை, கிளைகளும் ஒழுங்காக வளரவில்லை. அதே மேட்டில் பிறந்த விஐபி வகைக்கு ஒன்றுமே ஆகவில்லை. அதே ஆண்டு பவோலா ஆர்லோட்டா குழு, ஆழடுக்கின் ஒரு தூண்டும் வகை உருவாகாதபடி செய்து பார்த்தது. அந்த வகை இல்லாமல் போனதும் இன்டர்நியூரான்கள் நிற்க வேண்டிய அடுக்கு மாறிப்போனது. ஆக, அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதும் கணக்கில் வருகிறது.

இதில் எல்லாரும் ஒத்துப்போகவில்லை. அதே 2018-ல் லண்டனின் ஆஸ்கர் மரீன் குழு 'சயன்ஸ்' இதழில் எழுதியது: பெருகுவதை நிறுத்திய சிறிது நேரத்திலேயே, புறணிக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே, வளர்ந்த வகைகளின் சாயல் தெரிகிறது என்று. சிலர் இதைப் பெரிய மோதலாக ஆக்குகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாயல் தெரிவது வேறு, திரும்பிப் போக முடியாத முடிவு வேறு. மக்கானலின் ஃபெரட் சோதனை மாதிரி, செல்லை இடம் மாற்றி வைத்து அது மாறுகிறதா என்று பார்த்தால்தான் இரண்டாவதைச் சொல்ல முடியும். மரபணுப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுத முடியாது.

பாடப்புத்தகம் அதிகம் பேசாத ஒன்றையும் சொல்ல வேண்டும். தேவைக்கு மேல் பெற்று, அப்புறம் கழித்துக் கட்டுவதுதான் மூளையின் வழக்கம். சுண்டெலிப் புறணியில் இன்டர்நியூரான்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பிறந்த சில வாரங்களுக்குள் தாமாகவே இறந்துபோகின்றன. 2012-ல் வந்த கணக்கு. எது பிழைக்கிறது என்பதில் பக்கத்துத் தூண்டும் செல்களின் செயல்பாட்டுக்குப் பங்கிருக்கிறது என்று 2018-ல் மரீன் குழு காட்டியது. யாரும் பேச வராத செல் நிலைப்பதில்லை.

"மொத்தம் எத்தனை வகை?" என்று அடுத்த கேள்வி கட்டாயம் வரும். 2023-ல் பெரிய வரைபடங்கள் வெளிவந்தன. மனித மூளை முழுவதும் 30 லட்சத்துக்கு மேற்பட்ட உட்கருக்களைப் பார்த்து 461 தொகுதிகள், அவற்றுக்குள் 3,313 உட்தொகுதிகள் என்று பிரித்தார்கள். சுண்டெலிக்கு 5,322 தொகுதிகள் என்று வந்தது. எலிக்கு நம்மைவிட வகை அதிகம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. எத்தனை செல் எடுத்தார்கள், கத்தியை எங்கே வைத்தார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். எனக்குச் சுவாரசியமாகப் பட்டது வேறு. நாம் பெருமைப்படுகிற புறணியைவிட, மூளைத்தண்டு, நடுமூளை முதலிய பழைய பகுதிகளில்தான் வகைகள் அதிகம் கொட்டிக் கிடக்கின்றன.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி எலிக்கதை. மனிதனில் சில இடங்களில் கதை மாறுகிறது. நம் கருமூளையில் குழியை விட்டு விலகி வெளியே நிற்கும் இன்னொரு கூட்டம் ரேடியல் கிளியா ஏராளமாக இருப்பது 2010-ல் தெரிந்தது. புறணி இவ்வளவு பெரிதானதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. 2016-ல் மெர்சிடிஸ் பரேடஸ் குழு, பிறந்த குழந்தையின் முன்மடலுக்குள் இன்டர்நியூரான்கள் மாதக்கணக்கில் வந்துகொண்டே இருப்பதைக் காட்டியது. 2022-ல் இன்னொரு அதிர்ச்சி: மனிதப் புறணியின் ஒரே தாய்ச் செல்லிலிருந்து தூண்டும் செல், அடக்கும் செல் இரண்டும் வர முடியும் என்று ஆய்வுக்கூடத்தில் தெரிந்தது. மேலே பேக்ஸ்6, கீழே என்கேஎக்ஸ்2-1 என்று நான் கோடு போட்டுச் சொன்னேனே, அந்தக் கோடு மனிதனில் அவ்வளவு கறாராக இல்லை.

பெற்றோர் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. தேர்வுக் காலம் வந்தால் மூளைச் செல் வளர்க்கும் பானம், மாத்திரை என்று கடைகளில் அடுக்கி வைப்பார்கள். புறணியின் நரம்புச் செல்களுக்கு நம் வயதேதான் வயது. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14-ஐ வைத்து 2006-ல் அதை அளந்தே காட்டிவிட்டார்கள். டப்பாவில் வருவது எதுவும் அங்கே புதிதாக ஒரு செல்லைக் கூட்டாது. அந்தக் காசுக்குப் பிள்ளையை நேரத்தோடு தூங்க வைக்கலாம், செலவே இல்லை.

வெளியிலிருந்து செல்லைக் கொண்டுபோய் வைக்க முடியுமா என்பது வேறு விஷயம், அதற்கு இப்போது மனிதரிலேயே சோதனை நடக்கிறது. மருந்துக்குக் கட்டுப்படாத டெம்போரல் மடல் வலிப்பு (மூளையின் பக்கவாட்டு மடலில் தொடங்குவது) உள்ள நோயாளிகளுக்கு, மூலச் செல்லிலிருந்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்த இன்டர்நியூரான்களை அமெரிக்காவில் 2022-லிருந்து மூளைக்குள் செலுத்திவருகிறார்கள். அங்கே அவர்கள் முழுதாக வளர்ந்த கூடைச் செல்லையோ மார்ட்டினோட்டி செல்லையோ வைப்பதில்லை. எம்ஜிஇ அடையாளம் பதிந்த, பெருகுவதை நிறுத்திவிட்ட, ஆனால் இன்னும் முதிராத செல்லாகப் பார்த்து வைக்கிறார்கள். மனிதச் செல் மெதுவாகத்தான் முதிரும், மாதங்கள் ஆகும். மிச்சப் படிகளை நோயாளியின் மூளைக்குள்ளேயே ஏறவிடுகிறார்கள்.